சான்றாதாரம்: அம்மா

பத்து மணி பெல் அடித்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, இந்த மூன்று மணி நேரத்தை எப்படித் தள்ளப்போகிறோம் என்று சுகுணவதி கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கேள்வித்தாள் கொடுத்தாயிற்று. இனி ஒவ்வொரு பெண்ணின் ஹால் டிக்கெட்டையும் பார்த்து விடைத்தாளில் கையெழுத்துப் போட வேண்டும், அதில் ஒரு அரைமணி ஓடிவிடும். அப்புறம் என்ன செய்வாள்? நடப்பாள். கரும்பலகையிலிருந்து கடைசி பெஞ்சுக்கு, கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகைக்கு. இருபத்து மூன்று வருஷமாக இப்படி நடந்த நடையைக் கூட்டினால் டெல்லிக்குப் போய்த் திரும்பியிருக்கலாம், மற்ற நாளாக இருந்தால் இப்படி எதையாவது நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். இன்றைக்குச் சிரிப்பு வருகிற நாளா? நாற்பது பெண்கள், பாதி பி.காம்., பாதி ஹிஸ்டரி, காப்பியடிக்காமல் இருக்க மாற்றி மாற்றி உட்காரவைத்திருக்கிறார்கள். ஹிஸ்டரி டீச்சர் ஹிஸ்டரிப் பரீட்சைக்கு மேற்பார்வை நிற்கக் கூடாதென்று விதி. "ஆள் இல்ல மேடம், பாதிப் பேர் லீவு, நீங்களே நில்லுங்க, யார் கேக்கப்போறா" என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். யார் கேட்கப்போகிறார்களாம். கேட்கப்போகிறவள் இந்த ஹாலுக்குள்ளேயேதான் இருக்கிறாள், மூன்றாவது வரிசையில், ஜன்னலோரமாக. சங்கவி. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் பார்த்தாள். பெண் கேள்வித்தாளைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் கிடந்தது. பேனா வைக்கிற கவர் இல்லை, பெரியது, ஜிப் வைத்தது, ஒரு பெரிய சைஸ் நோட்டுக் கச்சிதமாக உள்ளே போகிற அளவு, கடையிலிருந்து வாங்கி இன்னும் மடிப்புக் கலையாதது. அது எதற்கென்று சுகுணவதிக்குத் தெரியும்.

கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தாள். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, வேண்டுமென்றே மெதுவாக, ஒவ்வொரு நம்பரையும் இரண்டு தடவை சரிபார்த்து. என்னமோ இதுவரைக்கும் இப்படிப் பார்த்துக் கிழித்த மாதிரி. மூன்றாவது வரிசை வந்தே தீரும் இல்லையா, வந்தது. சங்கவியின் ஹால் டிக்கெட்டில் இருந்த போட்டோ புதுசு. பழைய போட்டோ, பழைய அடையாள அட்டை, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், எல்லாமே நவம்பர் வெள்ளத்தில் போயிற்று, இது ஜனவரியில் எடுத்தது. போட்டோவில் இருந்த பெண் யாரையோ தேடுகிறவள் போல முழித்துக்கொண்டிருந்தாள். சுகுணவதி கையெழுத்துப் போடும்போது அவள் அண்ணாந்து பார்த்தாள், லேசாகச் சிரித்தாள்கூட, "முடிச்சிட்டு வெளிய நிக்கறேன் மேடம், மூணு மணிக்கு வெள்ள விசாரணைக்கு அங்க இருக்கணும்" என்று அடிக்குரலில் சொன்னாள். சுகுணவதி தலையாட்டினாள். ஐயோ, எதற்குத் தலையாட்டினேன்? வாய் பொய் சொன்னது போதாதென்று தலையும் தனியாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டதா? இல்லாத நோட்டுக்குத் தலையாட்டியாயிற்று. அந்த நோட்டு இல்லை. பீரோவில் இல்லை, ஷெல்பில் இல்லை, ஆபீசில் இல்லை, இந்த உலகத்திலேயே இல்லை. மூன்று மாதமாக இந்த ஒரு வரியைச் சொல்ல வாய் வராமல், பாக்கறேம்மா, தேடிக்கிட்டிருக்கேம்மா, பீரோ சாவி ஆபீசில் இருக்கும்மா என்று ஒவ்வொரு தடவையும் ஒரு செங்கல்லாக அடுக்கி, போன வாரம் மேலே கூரையும் போட்டுவிட்டாள்: "செவ்வாக்கிழமை கண்டிப்பா தரேம்மா." இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. பரீட்சை முடிகிற ஒரு மணிக்குள் ஒன்று உண்மையைச் சொல்ல வேண்டும், அல்லது இன்னொரு பொய்யைத் தயார் பண்ண வேண்டும். இரண்டுக்கும் இவளிடம் தெம்பு இல்லை.

முதல் தடவை வந்து கேட்டது ஜனவரியில். அம்மா செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, யாரோ கொடுத்த சுடிதார், தோளில் அகலமாகத் தொங்கியது. ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "மேடம், செகண்ட் இயர்ல நான் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தேனே, எங்க தெருவைப் பத்தி, அது வேணும் மேடம்" என்றாள். அதில் அம்மா சொன்னதெல்லாம் இருக்கிறதாம். அவர்கள் நகர் இருக்கிற இடத்தில் முன்னே ஒரு ஓடை ஓடியதாம், பெரிய ஏரி நிரம்பினால் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்குமாம். அம்மா சின்ன வயதில் அந்த ஓடையில் கெண்டை பிடித்திருக்கிறாளாம், அப்புறம் அதே இடத்தில் நாற்று நட்டிருக்கிறாளாம், அப்புறம் அதே இடத்தைத்தான் தவணையில் மனையாக வாங்கியிருக்கிறார்கள். ஓடையின் மேல் மதகு ஒன்று இருந்ததாம், அதன் கல்லைப் பிடுங்காமல் அப்படியே மண்ணடித்து மூடிவிட்டார்களாம், அந்தக் கல் யார் வீட்டுக்கு அடியில் இருக்கிறது என்று அம்மா அடையாளத்தோடு சொன்னாளாம். "எழுதிக்கிட்டேன் மேடம். எழுதிட்டோம்ங்கற தைரியத்துல மறந்துட்டேன். எவ்வளவு யோசிச்சாலும் வர மாட்டேங்குது. போன்ல பேச்சைப் பதிஞ்சு வச்சிருந்தேன், போனும் தண்ணியில போயிடுச்சு." அதற்கப்புறம் அவள் சொன்னதுதான் சுகுணவதிக்கு இன்றைக்கும் தூக்கத்தில் வருகிறது. "வீட்ல இருந்திருந்தா நோட்டும் போயிருக்கும். நல்லவேளை மேடம், உங்ககிட்ட இருக்கு."

நல்லவேளை. என்ன நல்லவேளையோ. ஒரு பி.காம். பெண் எழுந்து நின்று கூடுதல் தாள் கேட்டாள், அதற்குள் கூடுதல் தாளா, என்னதான் எழுதுகிறார்களோ. கொடுத்துவிட்டு வந்தாள். ஜன்னலுக்கு வெளியே சித்திரை வெயில் சிமெண்ட் தரையில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது, தண்ணீர் என்று ஒன்று இந்த ஊரில் எப்போதாவது இருந்ததா என்று சந்தேகம் வருகிற வெயில். நவம்பரில் நெஞ்சளவு நின்றதே. பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு படித்தாள், இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் இறந்து கிடந்தார்கள், எதிர்வீட்டுக் கிழவியைத் தூக்கிவரப் போனவளும் கிழவியும். பட்டம்மாள் (82). அஞ்சலாட்சி (47). படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனவள் திரும்பி வந்தாள். இந்த இரண்டு பேரையும் எங்கேயோ சேர்த்துப் படித்திருக்கிறோமே, இதே மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக, வயதோடு? ஒரு வாரம் அரித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரு நாள் ஈர்க்குச்சி விளக்குமாற்றால் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது ஞாபகம் வந்தது, விளக்குமாற்றோடு அப்படியே நின்றுவிட்டாள். ப்ராஜெக்டின் கடைசிப் பக்கம். அதில் பட்டம்மாளுக்கு எண்பத்தொன்று, அஞ்சலாட்சிக்கு நாற்பத்தாறு. பேப்பரில் ஆளுக்கு ஒரு வயது கூடியிருந்தது, அவ்வளவுதான்.

கடைசிப் பக்கம்! அதை நினைத்தால் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. முப்பத்தெட்டு ப்ராஜெக்ட், ஒரு சனிக்கிழமை மதியம், திங்கட்கிழமை காலையில் மார்க் போய்ச் சேர வேண்டும். முப்பத்தெட்டையும் உட்கார்ந்து படிக்கிறவர் யாராவது இருந்தால் காட்டுங்கள், கோயில் கட்டிக் கும்பிடலாம். சுகுணவதிக்கு ஒரு வழி உண்டு, அது அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கும் உண்டு: நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பு. சான்றாதாரங்கள் என்று தலைப்புப் போட்டு நாலு புத்தகப் பேர் இருக்கிறதா, இருபது போடு. ரெண்டு புத்தகமும் இன்டர்நெட் முகவரியும் இருக்கிறதா, பதினேழு. அந்த நாலு புத்தகத்தை அந்தப் பெண் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டாள் என்று இவளுக்குத் தெரியும், தெரியும் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியும், அது ஒரு மரியாதை. சங்கவியின் கடைசிப் பக்கத்தில் புத்தகமே இல்லை. ஐந்து பேர். பட்டம்மாள், வயது 81, எதிர்வீடு. அஞ்சலாட்சி, வயது 46, அம்மா. மற்ற மூன்று பேரும் அந்தத் தெருவே. சுகுணவதி அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தது போதாதென்று ஸ்டாஃப் ரூமில் உரக்கப் படித்தும் காட்டினாள், "இங்க பாருங்க, சான்றாதாரம்: அம்மா!" எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி, "நல்லவேளை, நாய்க்குட்டியைச் சேர்க்கலையே" என்றாள், அதற்கும் சிரித்தார்கள். அப்புறம் சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தில் குறுக்கே எழுதினாள்: செவிவழிச் செய்தி. ஆதாரம் எங்கே? இருபத்தைந்துக்குப் பதினொன்று. அடுத்த நோட்டு. உள்ளே ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் புரட்டியிருக்கக் கூடாதா? எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்? இந்த மூன்று மாதத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்பிப் போகிறாள். மேஜை வருகிறது, ஃபேன் சத்தம் வருகிறது, நீல அட்டை வருகிறது, அட்டையில் ஒட்டின வெள்ளைத் தாளில் 'எங்கள் தெருவின் தண்ணீர்' என்ற தலைப்பு வருகிறது, கை நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகிறது. எத்தனை தடவை நினைத்தாலும் கை அங்கேயேதான் போகிறது. கையைப் பிடித்து முதல் பக்கத்துக்கு இழுக்கப் பார்க்கிறாள், அங்கே ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. பார்க்காததை எப்படி ஞாபகப்படுத்திக்கொள்வது?

பதினொன்றே கால். காலை மாற்றி நின்றாள். நடந்தால் தேவலை. நடந்தாள். இந்தக் காலேஜில் மே மாதம் வந்தால் ஸ்டாஃப் ரூம் சுத்தம் செய்கிற வழக்கம். பழைய அசைன்மெண்ட், பழைய விடைத்தாள், ப்ராஜெக்ட், எல்லாவற்றையும் அட்டெண்டர் தெய்வானை கட்டுக் கட்டாகக் கட்டிப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவாள், அந்தக் காசில் எல்லோருக்கும் பஜ்ஜியும் டீயும். "மேடம், இந்த நீல அட்டையெல்லாம் போட்டுடவா?" என்று தெய்வானை கேட்டாள். கேட்கத்தான் செய்தாள், பாவம் அவளைக் குறை சொல்ல முடியாது. "போடு போடு, எலிதான் குடும்பம் நடத்துது" என்று சொன்னது சாட்சாத் இந்த வாய்தான். அன்றைக்கு வாழைக்காய் பஜ்ஜி. காரச் சட்னி நன்றாக இருந்தது என்று இன்னொன்றும் வாங்கித் தின்றாள், அது இப்போது ஞாபகம் இருக்கிறது பார், படிக்க வேண்டியது ஞாபகம் இல்லை, சட்னி ஞாபகம் இருக்கிறது. ஜனவரியில் சங்கவி வந்து கேட்ட மறுநாளே பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்தப் பேப்பர்காரர் கடையைத் தேடிப் போனாள். ஆள் இவளை ஏற இறங்கப் பார்த்தார். "போன மே மாசத்துச் சரக்கா? என்னம்மா வெளையாடுறீங்க. அது மில்லுக்குப் போயி, கூழாகி, முட்டை வைக்கிற அட்டையா ஊரைச் சுத்திக்கிட்டு இருக்கும்" என்றார். நல்ல மனுஷன், தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அன்றையிலிருந்து மளிகைக்கடையில் முட்டை அட்டையைப் பார்த்தால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறாள். வீட்டில் முட்டை வாங்குவதையே நிறுத்திவிட்டாள், கேட்டதற்குக் கொலஸ்ட்ரால் என்றாள். அது இன்னொரு பொய்.

வரலாற்றியல் வகுப்பில் முதன்மைச் சான்று, துணைச் சான்று என்று இரண்டு கட்டம் போட்டுக் கற்றுக்கொடுப்பாள். சம்பவம் நடந்த காலத்தில், நேரில் கண்டவர் சொன்னது முதன்மைச் சான்று, அதற்கு விலையே கிடையாது, பிள்ளைகளா, ஒரு துண்டுச் சீட்டு என்றாலும் பத்திரமாகக் காப்பாற்ற வேண்டும். என்ன கம்பீரமாகச் சொல்வாள்! கேட்கிறவர்களுக்குப் புல்லரிக்கும். காப்பாற்றின லட்சணம் முட்டை அட்டையில் இருக்கிறது. இன்றைக்கு மேஜையில் கிடந்த கேள்வித்தாளைப் புரட்டினாள். புரட்டியிருக்கவே வேண்டாம். பத்து மார்க் கேள்வி, கண்டிப்பாக எழுத வேண்டியது: வரலாறு கற்பதால் தனிமனிதருக்கும் சமுதாயத்துக்கும் விளையும் பயன்களை விவரிக்க. வருஷா வருஷம் வருகிற கேள்விதான், இதற்கு ஒரு நோட்ஸ் இருக்கிறது, ஏழு பாயிண்ட், இருபத்து மூன்று வருஷமாக மஞ்சள் ஏறின அதே தாளைப் பார்த்துச் சொல்லிச் சொல்லி இப்போது தாள் இல்லாமலே சொல்வாள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வரலாறு நாம் யார் என்பதை நமக்கு உணர்த்துகிறது. வரலாறு நல்ல குடிமக்களை உருவாக்குகிறது. வரலாறு சான்றுகளை ஆராய்ந்து உண்மையை அறியும் திறனை வளர்க்கிறது. முன்னோர் செய்த தவறுகளிலிருந்து நாம் பாடம் கற்கிறோம். அந்த நாலாவது பாயிண்டில்தான் போன ஜூலையில் சங்கவி கையைத் தூக்கினாள். "மேடம், அப்படி யாராவது கத்துக்கிட்டதுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க மேடம்." அம்மா உயிரோடு இருந்த ஜூலை. கிண்டலாகக் கேட்கவில்லை, அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. சுகுணவதி யோசித்தாள், ஒரு உதாரணம்கூட வரவில்லை. கற்றுக்கொள்ளாததற்கு வேண்டுமானால் ஆயிரம் சொல்வாள். "பரீட்சைக்கு உதாரணம் தேவையில்லம்மா, பாயிண்ட் போதும்" என்று சொல்லி ஐந்தாவது பாயிண்டுக்குப் போய்விட்டாள். சங்கவி கையை இறக்கிக்கொண்டு எழுதினாள்.

இப்போது இந்தக் கேள்விக்கு அவள் என்ன எழுதுவாள்? எழுதட்டுமே, உள்ளதை எல்லாம் எழுதட்டும். பயனும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, எங்கள் தெருவில் ஐந்து பேருக்கு வரலாறு தெரிந்திருந்தது, அதை நான் எழுதிக் கொடுத்தேன், வாங்கினவள் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பதினொன்று போட்டாள் என்று எழுதட்டும். யாரோ முகம் தெரியாத ஊரில் முகம் தெரியாத ஒருத்தர் திருத்தப்போகிறார். திருத்துவாரா, கடைசிப் பக்கத்தைத் திருப்புவாரா? பயமாக இருந்தது, ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு ஆசையும் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொன்னால் அவள் அப்படி எழுதிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. எழுதிவிட்டால் சொல்ல வேண்டியது சொல்லப்பட்டுவிடும், இவள் சொல்ல வேண்டியதில்லை. பார், அப்போதும் புத்தி தப்பிக்கத்தான் போகிறது.

மூன்று மணி விசாரணையில் என்ன கேட்பார்கள் என்று சங்கவி ஏற்கனவே சொல்லியிருக்கிறாள், இரண்டு தடவை போய் வந்துவிட்டாளே. அங்கே ஓடையே கிடையாது, வரைபடத்தில் இல்லை, மழை அதிகம், அது யார் குற்றமும் இல்லை என்பதுதான் மனை போட்டு விற்றவர்களின் பேச்சு. அப்படி முடிந்துவிட்டால் அதே இடத்தில் மறுபடி வீடு கட்டிக்கொள்ளலாம், ஏற்கனவே ரெண்டு வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று. அடுத்த ஏரி நிறைகிற வரைக்கும் நிம்மதி. "இப்ப வந்து எல்லாரும் ஓடை ஓடைங்கறீங்க, வெள்ளத்துக்கு முன்னாடி எழுதினது ஏதாவது இருந்தாக் கொண்டா. ஆதாரம் எங்கேன்னு கேக்கறாங்க மேடம்" என்றாள். ஆதாரம் எங்கே. அட்சரம் மாறாமல் இவளுடைய சிவப்புப் பேனா வாசகம். அவர்களும் இவளிடம்தான் படித்தார்களோ என்னவோ. சரி, நோட்டுத்தான் போயிற்று, அப்படி ஒரு நோட்டு இருந்தது என்பதற்காவது ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று நேற்றுச் சாயந்திரம் மார்க் ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தாள். மிஞ்சியிருந்தது, ஏன் மிஞ்சாது, ரெஜிஸ்டரை எலிகூடத் தொடாது. பெயர் சங்கவி. தலைப்பு, எங்கள் தெருவின் தண்ணீர். மதிப்பெண் 11. குறிப்பு என்ற கட்டத்தில், இவளுடைய கையெழுத்தில், ஆதாரமற்றது. கீழே தேதி, கையொப்பம், துறை முத்திரை. அஞ்சலாட்சி போயாயிற்று, பட்டம்மாள் போயாயிற்று, மற்ற மூன்று பேர் மூலைக்கொருத்தராய் எந்த ஊருக்குப் பிழைக்கப் போனார்களோ, போன் போயாயிற்று, நோட்டுப் போயாயிற்று. இந்த ஒரு வார்த்தை மட்டும் முத்திரையோடு உட்கார்ந்திருக்கிறது. நூறு வருஷம் கழித்து எவனாவது ஆராய்ச்சிக்காரன் வந்தால் அவன் கைக்கு இதுதான் கிடைக்கும், ரொம்ப நம்பகமான சான்று என்று அடிக்குறிப்பில் போடுவான். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று நேற்று ஒரு நிமிஷம் விரல் துடித்தது. கிழிக்கவில்லை. நேர்மையினால் இல்லை, பயத்தினால்.

பன்னிரண்டு இருபது. இன்னும் நாற்பது நிமிஷம். தலைவலி என்று சொல்லிப் பன்னிரண்டேமுக்காலுக்கு ஓடிவிட்டால் என்ன? சங்கவி நாளைக்கு வருவாள். டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டு போய்விட்டால்? எங்கே போனாலும் ஏழு பாயிண்ட் கூடவே வரும். வேறு ஒன்று செய்யலாம், அதையும் யோசிக்காமல் இல்லை: கூடப் போய், ஆமாம் சார், நான் படித்தேன், ஓடை இருந்தது என்று எழுதியிருந்தது, நான் பேராசிரியை, இது என் கையெழுத்து என்று சொல்லிவிடலாம். நல்ல காரியத்துக்குத்தானே. எந்த இடத்தில் ஓடியது, மதகுக் கல் யார் வீட்டுக்கு அடியில் என்று அடுத்த கேள்வி வருமே, அதற்கு? ஏதாவது ஒரு வீட்டைச் சொல்லித் தோண்டி, அங்கே வெறும் மண் வந்தால், அந்தப் பெண் சொன்ன மற்ற எல்லாமும் அதோடு பொய்யாகிவிடும். பொய் சொல்லவும் படித்திருக்க வேண்டும் போல. கடவுளே, மற்றதெல்லாம் வேண்டாம், அந்தக் கல்லை மட்டும் ஞாபகப்படுத்திக் கொடு, என்று கொஞ்ச நேரம் வேண்டிக்கூடப் பார்த்தாள், படிக்காததை எந்தச் சாமி ஞாபகப்படுத்தும்? சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். நேராக, சுற்றி வளைக்காமல். நோட்டு இல்லம்மா, போன மே மாசமே பழைய பேப்பரோட போயிடுச்சு, தப்பு என்னோடதுதான். மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். 'போயிடுச்சு' இல்லை, 'போட்டுட்டேன்'. தானாகப் போகுமா நோட்டு? மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் சொல்லிவிட்டால் போதும், அப்புறம் அவள் அழட்டும், திட்டட்டும், முகத்தில் துப்பட்டும், எல்லாம் நியாயம்தான், தாங்கிக்கொள்ளலாம்.

எச்சரிக்கை பெல் அடித்தது. நூல் வேண்டும், நூல் வேண்டும் என்று கைகள் எழுந்தன, கூடுதல் தாளைச் சேர்த்துக் கட்ட வெள்ளை நூல். கொடுத்துக்கொண்டே போனாள். சங்கவியும் கையைத் தூக்கினாள், ஜூலையில் தூக்கின அதே கை. அவளுக்கு முடிச்சுப் போட வரவில்லை, விரல் பேனாப் பிடித்து மரத்திருக்க வேண்டும். சுகுணவதி தானே வாங்கிக் கட்டினாள், கட்டுகிற சாக்கில் பார்த்தாள். பத்து மார்க் கேள்வி, ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்ட தலைப்பு, அதன் கீழே ஒன்று, இரண்டு, மூன்று. வரலாறு நாம் யார் என்பதை நமக்கு உணர்த்துகிறது. வரலாறு நல்ல குடிமக்களை உருவாக்குகிறது. நாலாவது, முன்னோர் செய்த தவறுகளிலிருந்து நாம் பாடம் கற்கிறோம். ஏழு பாயிண்டும் இருந்தது, ஒரு எழுத்துப் பிசகவில்லை, எந்த இடத்தில் மூச்சு விட்டு இவள் சொல்வாளோ அந்த இடத்தில் கமா போட்டிருந்தது. உதாரணம் ஒன்றும் இல்லை. ஓடையும் இல்லை, தெருவும் இல்லை, அம்மாவும் இல்லை. முழு மார்க் கிடைக்கும். சுகுணவதி முடிச்சை இறுக்கினாள், நூல் விரலை அறுத்தது.

ஒரு மணி பெல். தாள்களை வாங்கி எண்ணி அடுக்கி வைத்துவிட்டு வராண்டாவுக்கு வந்தபோது சங்கவி தூணோரமாக நின்றுகொண்டிருந்தாள், மற்றப் பெண்கள் கேள்வித்தாளை விசிறிக்கொண்டு கேட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். "ஈஸியா இருந்துச்சு மேடம்" என்றாள். சொல்லிவிட்டுப் பிளாஸ்டிக் கவரின் ஜிப்பைத் திறந்து வாயை அகலமாக்கி, இவள் போட வேண்டியதுதான் பாக்கி என்கிற மாதிரி நீட்டினாள். சுகுணவதி சொல்லிவிட்டாள். மனசுக்குள் சொல்லிப் பார்த்த மாதிரியே, போட்டுட்டேன் என்றே சொன்னாள், அந்த ஒரு வார்த்தையில் தவறவில்லை. சங்கவி அழவில்லை. கவரின் ஜிப்பை இழுத்து மூடினாள். "சரி விடுங்க மேடம். வெள்ளத்துல போச்சுன்னு நெனச்சுக்கறேன்" என்றாள். சுகுணவதிக்கு அப்பாடா என்றுகூட ஒரு மூச்சு வந்தது, அப்பாவி மூச்சு. ஏனென்றால் சங்கவி இன்னும் முடிக்கவில்லை. "நோட்டு இல்லாட்டியும் பரவால்ல, நீங்க இருக்கீங்கல்ல மேடம். வெள்ளத்துக்கு முன்னாடியே படிச்சவங்க நீங்க ஒருத்தர்தான். நீங்க வந்து சொன்னா ஒத்துக்குவாங்க. கல்லு யார் வீட்டுக்கு அடியிலன்னு அம்மா சொன்னாங்க மேடம்? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்."

வராண்டாவில் வெயில் கால்விரல் வரைக்கும் வந்துவிட்டது. பொய் ஒன்றும் கைவசம் இல்லை, எல்லாவற்றையும் மூன்று மாதத்தில் தீர்த்துவிட்டாள். "படிக்கலம்மா" என்றாள் சுகுணவதி. "கடைசிப் பக்கம் மட்டும்தான் பார்த்தேன்."

சங்கவிக்கு முதலில் புரியவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கும்போது புருவத்தைச் சுருக்குவாளே, அப்படிச் சுருக்கினாள். கோபம் இல்லை, குத்திக்காட்டவும் இல்லை, நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

"பதினோரு மார்க் போட்டீங்களே மேடம்?"